பென்சிலில் எழுதிய நாலரை

பிப்ரவரி 4

அத்தைக்கு,

இரண்டு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவள் திடீரென்று எழுதுகிறாளே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும் என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இப்போது எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, நீராவி உண்டு. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, அறுவை அரங்குக்கு எத்தனை அங்கி என்பதெல்லாம் என் தலையில். ஆனால் மேற்பார்வையாளர் என்று என்னை எழுத்தில் போடவில்லை. போன மாதம் நிர்வாக அலுவலர் கூப்பிட்டார். "வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா. ஆனா பள்ளிப் படிப்பு முடிச்சதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். இந்த வருஷத்துக்குள்ள கொண்டாந்துடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுட்டு உங்களைப் பழையபடி இஸ்திரி உருளைக்குத்தான் அனுப்பணும்" என்றார். அந்த உருளையில் என் வலது மணிக்கட்டு வெந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மறுபடி அங்கே நின்றால் கை தாங்காது.

ஒன்பதாவதோடு நின்றவள் நான். பெரியவர்களுக்கான இணைநிலைத் தேர்வு எழுதினேன். மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டது. கணக்கில் கோட்டை விட்டேன். ஜூனில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அதை விட்டால் இந்த வருடத்தில் வேறு இல்லை.

படிப்பு மையத்தில் ஆளுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்கிறார்கள். பயிற்சித் தாள்களைத் திருத்தித் தர. எனக்குத் தெரிந்தவர்களில் கணக்கு படித்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மகனை விட்டு வந்தேனே தவிர, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. உங்களுக்கு என்னோடு இருக்கிறதா என்று தெரியாது. இருந்தாலும் பரவாயில்லை, திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுங்கள்.

தோற்ற தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மருமகள்


பிப்ரவரி 9

சலவைப் பிரிவின் எழுதப்படாத மேற்பார்வையாளருக்கு,

நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்ததற்கு நன்றி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எழுதுவதால் அது திருந்தப்போவதில்லை.

சம்மதிக்கிறேன். ஆனால் தொலைபேசி வேண்டாம். கணக்கைக் காதால் திருத்த முடியாது. தொலைபேசியில் விடை கேட்கும், வழி கேட்காது. தவிரவும் இந்த வீட்டில் தொலைபேசியை எடுப்பவன் என் மகன். சட்டப்படி அவன் இன்னும் உன் கணவன். நடைமுறையில் என் மாடியறையில் வாடகையின்றிக் குடியிருப்பவன். கார் ஓட்டக் கற்றுத்தரும் அதே பள்ளியில்தான் இன்னமும் வேலை. அவனைப் பற்றி நமது கடிதங்களில் இதற்குமேல் பேச்சு வேண்டாம். என் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பவனும் அவன்தான். பெட்டி தெருமுனையில் இருக்கிறது. என் முழங்காலுக்குத் தெருமுனை வெளியூர்.

நான் ஆசிரியை அல்ல. எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆகவே நம்பிக்கையூட்டும் சொற்களை என்னிடம் எதிர்பார்க்காதே. தவறு எந்த வரியில் தொடங்குகிறதோ அந்த வரியில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். சரியான விடையை எழுத மாட்டேன். புள்ளியைக் கண்டதும் நின்று, திரும்பிப் போய், வேறு வழியில் வர வேண்டியது உன் பொறுப்பு.

தோற்ற தாளைப் பார்த்தேன். ஒரு விடுதிக்கு அறைக்கு நான்காக அறுபது அறைகளுக்கு விரிப்பு வேண்டும் என்பது கேள்வி. பெருக்கத் தெரிந்திருக்கிறது. இருநூற்று நாற்பது என்று எழுதி, அடித்துவிட்டு, இருநூற்று அறுபத்து நான்கு என்று எழுதியிருக்கிறாய். அந்த இருபத்து நான்கு எங்கிருந்து வந்தது?

உன் மாமியார்
(இப்பதவி இன்னும் காலாவதியாகவில்லை)


பிப்ரவரி 16

அத்தைக்கு,

இருபத்து நான்கு, கிழிந்து வருவது. பத்துக்கு ஒன்று கிழியும் அல்லது கறை போகாது. இருநூற்று நாற்பது வேண்டும் என்று ஒருவர் சொன்னால் இருநூற்று நாற்பதை மட்டும் அனுப்புகிறவளை எங்கள் பிரிவில் ஒரு வாரம் வைத்திருக்க மாட்டோம்.

மற்றக் கேள்விகளும் இப்படித்தான் இருக்கின்றன. ஆறு பேர் பத்து நாளில் கட்டும் சுவரைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று ஒன்று. விரிப்பு மடிக்கும்போது சத்தமாகப் படித்தேன். எதிரில் மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அக்கா, பன்னெண்டு பேரும் வேலைக்கு வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கன்னு வெச்சுக்கச் சொல்றாங்கடி."

"ஒருத்தர்கூட லீவு போடலையா? அப்ப அது நம்ம ஆஸ்பத்திரிச் சுவரு இல்ல. வேற எங்கியோ."

அவள் சொல்வதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

சலவைக் கணக்கே ஒன்று வந்திருந்தது. ஒரு குவியல் துணியைச் சின்ன மெஷின் ஆறு மணி நேரத்தில் துவைக்கும், பெரிய மெஷின் மூன்று மணி நேரத்தில் துவைக்கும், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் என்று. மூன்று என்று எழுதினேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எங்களுக்கு ஃபியூஸ் போய்விடும். பெரியதை மட்டும்தான் போடுவோம்.

மருமகள்


பிப்ரவரி 22

மருமகளுக்கு,

உன் தவறுகள் அறியாமையால் வந்தவை அல்ல, அனுபவத்தால் வந்தவை. அறியாமையைப் போக்குவது இதைவிட எளிது.

தேர்வை ஒரு வெளிநாடு என்று வைத்துக்கொள். அங்கே தொட்டிகள் ஒழுகுவதில்லை. தொழிலாளர் விடுப்பு எடுப்பதில்லை, தேநீர் குடிப்பதில்லை, ஒருவர்மேல் ஒருவர் புறங்கூறுவதில்லை. ரயில்கள் சொன்ன வேகத்தில் போகின்றன. துணி கிழிவதில்லை, ஃபியூஸ் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அந்நாட்டில் குடியேறச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் தங்கிவிட்டுத் திரும்பி வா.

ஒரு மணி நேரத்தில் சின்ன இயந்திரம் குவியலில் எத்தனை பங்கைத் துவைக்கும், பெரியது எத்தனை பங்கைத் துவைக்கும் என்று முதலில் கேட்டுக்கொள். பிறகு கூட்டு. பின்னம் கூட்டுவதற்குரிய பக்கங்களை என் புத்தகத்திலிருந்து கையால் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சமன்பாடுகளிலும் ஒரு தொல்லை தெரிகிறது. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த எண்ணும் எங்கும் போவதில்லை. ஒரு பக்கத்தில் எதைச் செய்கிறாயோ அதையே மறுபக்கத்திலும் செய்கிறாய், அவ்வளவுதான். இது சமன்பாட்டைப் பற்றிய வாக்கியம். குடும்பத்தைப் பற்றியதாக எடுத்துக்கொண்டு எனக்குப் பதில் எழுதாதே.

மாமியார்


மார்ச் 2

அத்தைக்கு,

எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிரித்தேன்.

நான் இருப்பது ஒரு அச்சகத்தின் மாடியறை. கீழே மெஷின் ஓடும்போது மேஜை ஆடுகிறது; கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம், சோம்பல் இல்லை. மெஷின் கணக்கைத் திரும்பவும் போட்டேன். ஆறில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு. கூட்டினால் ஒன்பதில் இரண்டு வருகிறது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். மற்ற கணக்குகள் பின்பக்கம்.

மருமகள்


ஏப்ரல் 17

அத்தைக்கு,

மூன்று முறை தாள் அனுப்பிவிட்டேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து, உங்கள் தெருவில் வீடு இருக்கும் எங்கள் வார்டு நர்ஸிடம் விசாரித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீர்களாம், காய்காரரோடு சண்டை போடுகிறீர்களாம். நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

அப்படியானால் மனசு மாறிவிட்டது என்றுதான் அர்த்தம். பெற்ற பிள்ளை பக்கம் சாய்வது ஊரில் இல்லாத விஷயம் இல்லை. அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். நீங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறவர் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

மையத்தில் இருப்பவரிடம் கேட்டால், "அந்தப் பக்கம் போனா குறி மாறும்மா, ஏன்னெல்லாம் கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணுங்க" என்கிறார். மனப்பாடம் செய்கிறேன். வேறு என்ன செய்ய?

இனி தாள் அனுப்ப மாட்டேன்.


ஏப்ரல் 21

மருமகளுக்கு,

உன் முதல் தாள் மார்ச்சில் வந்தது. திருத்தி, பதிலோடு மறுநாளே கொடுத்தனுப்பினேன். அடுத்த இரண்டையும் அப்படியே. உன் கோபக் கடிதத்தைப் படித்த பிறகுதான் அவை தெருமுனைவரைகூடப் போகவில்லை என்று விளங்கிற்று.

என் மகன் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் இறங்கி அவனுடைய பயிற்சிக் காரைத் திறந்தேன். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையில், 'எல்' எழுதிய அட்டைகளுக்கு அடியில், மூன்று உறைகளும் இருந்தன. முதல் உறை பிரிக்கப்பட்டிருந்தது. தலை துவட்டியபடி வந்தவனிடம் காட்டினேன்.

"என்னடா இது?"

"போடணும்னுதாம்மா வெச்சிருந்தேன்."

"மார்ச்லேருந்தா?"

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். "நீ திருத்திக் குடுத்துக்கிட்டே இருந்தா அவ பாஸாயிடுவாம்மா."

"அதுக்குத்தானே திருத்தறேன்."

"பாஸானா வேலை நிரந்தரமாயிடும். அப்புறம் அவ எதுக்கு இங்க வரப்போறா?"

"ஃபெயிலானா வருவாளா?"

"வேற வழி இருக்காதே."

இதை அவன் வில்லத்தனமாகச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அவனைப் பற்றிப் பேச்சு வேண்டாம் என்ற விதியை முதலில் மீறியவள் நானாகிவிட்டேன்.

மூன்று உறைகளையும் இத்துடன் அனுப்புகிறேன். முதல் உறையில் உன் மெஷின் கணக்கைப் பார். ஒன்பதில் இரண்டு என்ற வரியில் என் சிவப்புப் புள்ளி இருக்கும். அதற்குக் கீழே பென்சிலால் எழுதியிருப்பது நான் அல்ல. மாணவருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவன் எழுதியிருக்கிறான். நீ நிறுத்திய இடத்திலிருந்து எடுத்து, தலைகீழாக்கி, நாலரை மணி நேரம் என்று முடித்து, இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறான். சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருபவன் என் புள்ளியைத் தாண்டி ஓட்டியிருக்கிறான்.

இக்கடிதத்தைப் பெட்டியில் போட்டது நானே. எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்காதே.

மாமியார்


ஏப்ரல் 29

அத்தைக்கு,

நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இரண்டு வரியில் எழுதிவிட்டுக் கணக்குக்குப் போகிறேன். இதற்குமேல் எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.

புள்ளியைப் பார்த்தேன். பங்குகளை ஒரே அளவாக ஆக்காமல் கூட்டியிருக்கிறேன். மூன்றில் ஒன்று என்றால் ஆறில் இரண்டு. அதோடு ஆறில் ஒன்றைச் சேர்த்தால் ஆறில் மூன்று. அதாவது பாதி. ஒரு மணி நேரத்தில் பாதிக் குவியல். முழுக் குவியலுக்கு இரண்டு மணி நேரம்.

அந்த நாலரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுத்ததில் பிழை இல்லை. தப்பை ஆரம்பித்தது நான், முடித்து வைத்தது அவர். ஆனால் கணக்கே தெரியாவிட்டாலும் அந்த விடையை ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். பெரிய மெஷின் தனியாகவே மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். உதவிக்கு இன்னொன்று வந்த பிறகு நாலரை ஆகுமா? வேலையைத் தாமதப்படுத்துகிற மெஷினை நான் அன்றைக்கே கழித்துக்கட்டி வெளியே அனுப்பிவிடுவேன். உதவி என்றால் தாமதம் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அவர் தொழிலே பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடுவதுதானே. வீட்டிலும் அதைத்தான் செய்தார். அடுப்பைக் கூட்டினால் குறைப்பார். கதவைத் திறந்தால் சாத்துவார். கையை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. எல்லாம் என் பாதுகாப்புக்காகத்தான் என்பார்.

அச்சகத்தில் ஒரு சிவப்புப் பேனா வாங்கி, நாலரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அவரிடம் கொடுங்கள்.

மருமகள்


மே 6

மருமகளுக்கு,

புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது. அடுத்தவர் தாளில் தவறைச் சரியாகக் குறிக்கத் தெரிந்தவளுக்கு வழிகாட்டி தேவையில்லை. ஆனாலும் ஜூன் வரை தாள் அனுப்பு.

ஒன்று கவனித்தாயா? இதுவரை தேர்வில் உனக்குத் தொல்லை தந்த சலவைப் பிரிவு அறிவு இம்முறை உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதை விடை எழுதப் பயன்படுத்தாதே. விடை எழுதிய பிறகு, இப்படி நடக்குமா என்று கேட்கப் பயன்படுத்து. கணிதம் படித்தவர்கள் பலர் அதைக் கேட்க மறந்து நான் பார்த்திருக்கிறேன்.

தாளை மாடிக்கு எடுத்துப் போனேன். "யாரும்மா வெச்சது இந்தப் புள்ளிய? நீயா?" என்றான். நான் அல்ல என்றேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டான்.

மாமியார்


ஜூன் 19

அத்தைக்கு,

எழுதிவிட்டேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சுகள் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டே இருந்தது, உங்களை நினைத்துக்கொண்டேன். தொட்டி வந்தது, ஒழுகவில்லை. எட்டுப் பேர் பள்ளம் தோண்டினார்கள், எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள். நூறு கட்டிலுக்கு விரிப்பு கேட்டிருந்தார்கள். கூட பத்து எழுதக் கை போனது, இழுத்துக்கொண்டேன். நூற்று முப்பது நாற்காலி, ஒரு வண்டியில் இருபத்து நான்கு போகும், எத்தனை வண்டி என்று ஒன்று. ஐந்தும் கொஞ்சமும் வந்தது. அந்தக் கொஞ்சத்துக்கும் ஒரு வண்டி வர வேண்டும் என்று ஆறு எழுதினேன். அந்த ஒரு கேள்வியில் அந்த நாடும் என் நாடும் ஒன்றாக இருந்தன.

கடைசி இரண்டு சமன்பாடுகள் சரியா என்று தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றையேதான் செய்தேன்.

முடிவு தபாலில் வருமாம், பாஸானால் சர்டிபிகேட்டும் அதே உறையில். என் அடையாள அட்டையில் இன்னும் உங்கள் வீட்டு முகவரிதான் இருக்கிறது. அதனால் அங்கேதான் வரும். நிர்வாக அலுவலர் இப்போதே என்னைப் பார்த்து இஸ்திரி உருளைப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்.

மருமகள்


ஜூலை 24

மருமகளுக்கு,

உறை வந்தது. வாசலில் வாங்கியவன் என் மகன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். நான் பார்ப்பதைப் பார்த்து மேஜைமேல் வைத்தான்.

நான் திறக்கவில்லை. அது உன் பெயருக்கு வந்தது.

மறுபடியும் தெருமுனைவரை நடக்க என்னால் முடியும். யோசித்து, நடக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். இக்கடிதத்தையும் அந்த உறையையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். இது உன்னிடம் வந்து சேர்ந்தால், அவனைப் பற்றி நாம் இருவரும் ஒரு விவரம் கூடுதலாக அறிந்தவர்களாவோம். வராவிட்டால் நகல் கேட்டு எழுதிக்கொள்ளலாம், மையத்தில் கேட்டுவிட்டேன். இதில் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இதைச் செய்கிறேன்.

மாமியார்


ஜூலை 26

அத்தைக்கு,

வந்து சேர்ந்தது. தபாலில் இல்லை. சலவைப் பிரிவுக் கதவண்டை நேரில் கொண்டுவந்து நின்றார். நீராவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உறை ஒட்டியபடியே இருந்தது.

அவர் எதிரிலேயே பிரித்தேன். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். எனக்கு அறுபத்தொன்று.

"பாஸா?" என்றார்.

"பாஸ்."

தலையை ஆட்டினார். எதிரில் மடித்துக்கொண்டிருந்தவள் கத்தினதில் பாதிப் பிரிவு கூடிவிட்டது. எல்லோரும் போகும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது.

"இந்த நாலரை ஏன் தப்பு? நானும் நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன். வகுத்தது சரியாத்தான் இருக்கு."

"வகுத்தது சரிதான்."

"அப்புறம் என்ன?"

"உங்கம்மா விடை சொல்ல மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன். பெரிய மெஷின் தனியா எவ்வளவு நேரம் எடுக்கும்னு மட்டும் பாருங்க."

பார்த்தார். "சரி, அது கணக்கு. வீட்டுக்கு எப்ப வரே?" என்றார்.

"வரலீங்க."

"அது வேற விஷயம்தானே?"

"இல்லீங்க. அதே கணக்குதான்."

தாளை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, உள்ளே வந்துகொண்டிருந்த தள்ளுவண்டிக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாத்தவில்லை.

திங்கள்கிழமை சர்டிபிகேட்டை நிர்வாக அலுவலர் மேஜையில் வைக்கிறேன்.

மருமகள்


ஆகஸ்ட் 2

சலவைப் பிரிவு மேற்பார்வையாளருக்கு,

அறுபத்தொன்று என்பது பாராட்டுக்குரிய மதிப்பெண் அல்ல, போதுமான மதிப்பெண். உனக்கு வேண்டியிருந்தது போதுமானதுதான். அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்.

என் சிவப்புப் பேனாவை இத்துடன் அனுப்புகிறேன். எனக்கு இனி அது தேவைப்படாது என்று நினைத்தேன். அது அவசரக் கணிப்பாக இருக்கலாம். மாடியறையில் இரவல் வாங்கிய என் பின்னப் புத்தகமும் ஒரு பென்சிலுமாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நேற்றுக் காலை இறங்கி வந்து மூன்று மணி பத்து நிமிடமா என்று கேட்டான். இல்லை என்றேன். மாலையில் இரண்டரையா என்றான். இல்லை என்றேன்.

நெருங்குகிறான். நான் சொல்லப்போவதில்லை.

மாமியார்